மிதக்கும் பிரிட்ஜும் பித்தளைக் குழாயும்

யுவராணிக்கு அன்றோடு பதினோரு நாள் ஆகிவிட்டது. சத்தியமாகப் பதினோரு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே சத்தத்தைத்தான். முதலில் தடித்த கம்பி ஒன்று டொய்ங் என்னும். அப்புறம் 'டக்' என்று ஓர் இரும்புச் சத்தம். பிறகு அதே கம்பி கொஞ்சம் தாழ்ந்து டொம் என்னும். அதோடு விட்டால் பரவாயில்லை. ஆறு கம்பியையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுப்பான் பாருங்கள், கேட்டால் பல் கூசும். கூசி முடிப்பதற்குள் "ச்சை" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். அது அவள் புருஷன் சவுரியப்பன்.

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டு மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவள் அவள். வந்ததும் முகம் கழுவி, வெந்நீர் குடித்து, ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். ஆறரைக்குப் பாட்டு பழகலாம் என்று சொன்னது அவன்தான், அவளாகக் கேட்கவில்லை. அப்படிச் சொன்னவன் ஆறரை மணிக்கு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கட்டில்மேல் கிட்டாரைக் குப்புறப் போட்டுக்கொண்டு கிடந்தால் மனுஷிக்கு எரியுமா எரியாதா?

"என்னாங்க, இன்னிக்காவது பாடலாமா?"

"இரு ராணி, ரெண்டே நிமிஷம்."

அந்த ரெண்டு நிமிஷம்தான் பதினோரு நாளாக முடியவில்லை.

இரண்டு பேரும் தமிழ்மணியின் மெல்லிசைக் குழுவில் இருப்பவர்கள். தமிழ்மணி கீபோர்டு வாசிப்பார், குழுவுக்கும் அவரே முதலாளி. சவுரிக்குப் பகலில் மோட்டார் ரீவைண்டிங் கடை, திருவிழா மாதங்களில் கிட்டார். யுவராணி எட்டு வருஷம் அந்தக் குழுவில் பாடியவள். பென்னாகரத்திலிருந்து அரூர் வரைக்கும் அவள் குரல் போகாத மேடை கிடையாது. போன வருஷம் கழுத்தில் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் வேறு குரலாகத் திரும்பி வந்தது. மேலே ஏறினால் வெறும் காற்றுதான் வரும். கீழே மட்டும் முன்பு இல்லாத ஒரு கனம் வந்திருந்தது. "இனிமே இதுதாம்மா உங்க குரல், இதுக்குத் தகுந்தாப்ல பாடிக்குங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆறு மாதம் அழுதாள். ஏழாவது மாதம் மெல்லப் பாடிப் பார்த்தாள். சுருதியை 'டி' ஸ்கேலுக்கு இறக்கிப் பாடினால் பாட்டு தொண்டைக்கு வாகாக உட்கார்ந்தது.

இந்த ஒரு வருஷமாக அவள் இடத்தில் அரூர்ப் பெண் கோகிலவாணி பாடுகிறாள். இருபத்திரண்டு வயது, எந்த ஸ்கேல் கொடுத்தாலும் ஏறி இறங்குகிற குரல். அவளை நிறுத்திவிட்டு யுவராணியைக் கூப்பிடத் தமிழ்மணிக்கு ஒரு கட்டாயமும் இல்லை. ஆனாலும் பழகிய மனுஷன். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு நேராகச் சொன்னார்.

"தீர்த்தமலை மாசி மகத்துக்கு ரெண்டு பாட்டு குடுக்கறன் யுவராணி. நல்லா வந்துச்சுன்னா சீசன் முழுக்கப் பாடு. வரலைன்னா மனசுல வெச்சிக்காத."

வராவிட்டால் அவள் இனி மருந்துச் சீட்டு படித்துக்கொண்டு கடையிலேயே நிற்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதில் கிட்டார் எங்கே வந்தது என்றால், பேஸ் கிட்டார் வாசித்த கலைவாணன் ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். அதிலிருந்து அடிச்சத்தம் முழுக்க சவுரியின் ஆறாவது கம்பி தலையில் விழுந்தது. ஆறாவது கம்பி என்பது இருப்பதிலேயே தடித்தது. அது 'ஈ' என்கிற ஸ்வரத்தில் நிற்கும், அதற்குக் கீழே போகாது. யுவராணி பாடப்போவதோ 'டி'-யில். அவளுடைய பாட்டுக்கு மட்டும் அந்தக் கம்பி ஒரு படி கீழே இறங்க வேண்டும், அடுத்த பாட்டுக்குத் திரும்ப ஏற வேண்டும். தமிழ்மணியின் மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சும்மா நிற்கக் கூடாது. கூட்டத்திலிருந்து வரும் துண்டுச்சீட்டு ஒன்றை அவர் மைக்கில் படித்து முடிக்கிற நேரம்தான் இடைவெளி.

சாதாரணக் கிட்டாராக இருந்தால் முறுக்காணியைத் திருகி இறக்கிவிடலாம். இவன் கிட்டார் சாதாரணமா என்ன? பெங்களூர் ஆள் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லாக் பிரிட்ஜ் கிட்டார். கம்பியை இந்த முனையிலும் பூட்டு போட்டு இறுக்கியிருக்கும், அந்த முனையிலும் பூட்டு போட்டு இறுக்கியிருக்கும். எல்-கீ என்கிற வளைந்த சாவி இல்லாமல் அசைக்க முடியாது. அந்தப் பக்கம் கம்பியைத் தாங்குகிற இரும்பு பிரிட்ஜ், மரத்தில் உட்காராமல் அந்தரத்தில் மிதக்கும். முன்னால் ஆறு கம்பியும் இழுக்க, முதுகுக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்னால் இழுக்க, இரண்டுக்கும் நடுவே தராசு மாதிரி நிற்கும். அதில் ஒரு கைப்பிடிக் கம்பி. கீழே அமுக்கினால் சுருதி இறங்கும், மேலே தூக்கினால் ஏறும்.

அதற்காக சவுரி வரவழைத்தது ஒரு டிராப் ட்யூனர். சுண்டுவிரல் அளவு பித்தளைக் குழாய். பிரிட்ஜின் பின்னால் ஆறாவது கம்பியின் திருகில் மாட்டிவிட்டால், உள்ளே தள்ளினால் 'ஈ', வெளியே இழுத்தால் 'டி'. அரை நொடி வேலை. சேலத்துக் கடைக்காரர் போனில் "எல்லா லாக் பிரிட்ஜுக்கும் செட் ஆகும் சார், கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினான் போலிருக்கிறது.

முதல் நாள் திருகு நீளம் பத்தாமல் குழாய் அரைகுறையாக நின்றது. மூன்றாம் நாள் நீளத் திருகு வந்தது, குழாய் மரத்தில் இடித்தது. உடனே உளியை எடுத்துக் கிட்டாரின் உடம்பையே செதுக்க ஆரம்பித்துவிட்டான். காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரை போட யோசிக்கிறவன், அவ்வளவு ஆசையாக வாங்கிய கிட்டாரை வெள்ளரிக்காய் சீவுகிற மாதிரி சீவினான். குழாய் உட்கார்ந்தது. இழுத்தான். ஆறாவது கம்பி ஒழுங்காக 'டி'-க்கு இறங்கியது. ஆனால் ஒரு கம்பி தளர்ந்ததும் தராசு சாய்ந்துவிட்டது. ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுக்க, மீதி ஐந்து கம்பியும் முறுகி மேலே ஏறிக்கொண்டன. அந்த அபஸ்வரம்தான் அவளைப் பதினோரு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் குழாய் டூப்ளிகேட் என்று சொல்லி வேறொன்று வரவழைத்தான். ஏழாம் நாள் ஸ்பிரிங்கை மூன்றிலிருந்து நான்காக்கினான். ஒன்பதாம் நாள் பெங்களூருக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினான். எல்லாம் செய்து முடித்த பிறகும் 'ச்சை' மட்டும் மாறவில்லை.

நடுவில் ஒருநாள் அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"சர்ச் குவயருக்குக் குடுத்தீங்களே பழைய கிட்டாரு, அத வாங்கிட்டு வந்து 'டி'-யிலயே வெச்சிக்குங்களேன். என் பாட்டுக்கு அது, மத்ததுக்கு இது."

"மேடையில நின்னுக்கிட்டு ரெண்டு கிட்டார மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டு இருப்பாங்களா? சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்னா, கைதட்டறாங்களா?"

அவன் உளியை எடுத்துக்கொண்டான்.

பதினோராம் நாள் சாயந்திரம், மறுநாள் நிகழ்ச்சி. அவன் கடைக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. மேடைக்குப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தவள், பக்கத்தில் நின்ற கிட்டார்ப் பெட்டியையும் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது, கோபம்தான். அதன் மூலைப் பையில் குழாயோடு வந்த தாள் நாலாக மடித்துக் கிடந்தது. மருந்து டப்பாவுக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளை எல்லாம் படிப்பதே அவள் பிழைப்பு. இது ஒரு பெரிய விஷயமா? மூன்றாவது வரியிலேயே போட்டிருந்தது: பிரிட்ஜ் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தால் மட்டுமே வேலை செய்யும், மிதக்கும் பிரிட்ஜுக்கு ஆகாது, மிதந்தால் அசையாமல் அடைப்பு வைக்கவும்.

அந்த வரியின் கீழே பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டிருந்தது.

தாளுக்கு அடியில் ஒரு மரத்துண்டு. தீப்பெட்டியில் பாதி இருக்கும். நாலு பக்கமும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, அளவைப் பென்சிலில் குறித்திருந்தான். அடைப்புக்கட்டை. நூல் பிசகாமல் செய்து வைத்திருந்தான்.

சவுரி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத எப்ப செஞ்சீங்க?"

அவன் மரத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், கடைசியில் சுவரைப் பார்த்தான்.

"ரெண்டாம் நாளு."

"ரெண்டாம் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இத்தினி நாளா என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? உளிய வெச்சிக்கிட்டு எதுக்கு அந்தக் கூத்து?"

"கட்டைய வெச்சா பிரிட்ஜ் பின்னால போவாது ராணி. அப்புறம் கைப்பிடிய மேல தூக்க முடியாது. கீழ அமுக்கறதோட சரி."

இப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு நிகழ்ச்சியின் கடைசியிலும் சவுரிக்கு ஓர் இருபது விநாடி உண்டு. மற்ற எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட, அவன் மட்டும் ஒரு கம்பியை மீட்டி, கைப்பிடியை மெல்ல மேலே தூக்குவான். கிட்டார் தேம்பித் தேம்பி அழும். கூட்டம் விசில் அடிக்கும். 'அழுவுற கிட்டார் அண்ணன் இன்னொருவாட்டி வாசிக்கவும்' என்று துண்டுச்சீட்டு வரும், ஊர்ப்பேரும் தெருப்பேரும் போட்டு. வருஷம் பூரா மோட்டாருக்குள் கையை விட்டுக்கொண்டு கிடக்கிறவனுக்கு அந்த இருபது விநாடிதான் மரியாதை. அவளுடைய 'டி'-யும் வேண்டும், தன்னுடைய அழுகையும் வேண்டும் என்று பதினோரு நாளாகத் தேடியிருக்கிறான். இரண்டும் ஒரு கிட்டாரில் ஒட்டாது என்று தெரிந்துகொண்டே தேடியிருக்கிறான். பாவமாகவும் இருந்தது, இழுத்து ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

"எனுக்கு ரெண்டே பாட்டுங்க," என்றாள். "அது போச்சுன்னா எனுக்கு எல்லாம் போச்சு. உங்குளுக்கு அடுத்த வாரம் அரூர்ல இருக்குது, அதுக்கடுத்த வாரம் பாலக்கோட்டுல இருக்குது."

"வெச்சிடறன் ராணி. வெச்சிடறன்."

மறுநாள் மத்தியானம் வேனில் ஏறும்போது, "எல்லாம் செட் ஆயிடுச்சு" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தீர்த்தமலை அடிவாரத்தில் ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மலையில் தீர்த்தமாடி இறங்கி வந்தவர்கள் ஈரத்துணியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி பாட்டு ஒன்று, கோகிலவாணி பாட்டு ஒன்று, மூன்றாவது யுவராணி. தமிழ்மணி மைக்கில், "ஒரு வருஷம் கழிச்சு நம்ம யுவராணி" என்று சொல்ல, நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவள் மைக்கைக் கையில் எடுத்தாள்.

சவுரி குழாயை இழுத்தான். 'டக்'. ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டினான். சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பாட்டுக்கு முன்னால் கிட்டார் எட்டு தாளச் சுற்று தனியாக வாசிக்க வேண்டும். மூன்று சுற்று ஒழுங்காகப் போயிற்று. நாலாவதில் சுருதி லேசாக ஆடியது. ஐந்தாவதில் நன்றாகவே ஆடியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

வலது கைச் சுண்டுவிரலை வளைத்துக் கைப்பிடிக் கம்பியின் மேல் மாட்டி, ஒரு நூல் அளவுக்கு அமுக்கிப் பிடித்துக்கொண்டே மற்ற விரல்களால் வாசித்துக்கொண்டிருந்தான். அப்படி அமுக்கினால் ஏறிப்போன ஐந்து கம்பியும் இறங்கி வந்துவிடும். வீட்டில் பழகிப் பார்த்திருப்பான் போல. வீட்டில் வந்திருக்கும். இங்கே பயத்தில் விரல் வியர்த்து வழுக்கியது. வழுக்கும்போதெல்லாம் ஐந்து கம்பியும் மேலே ஓடின, அவன் பிடித்து இழுத்து வந்தான், திரும்பவும் ஓடின. கட்டையை வைக்கவேயில்லை.

யுவராணி மைக்கைக் கீழே இறக்கினாள். நாலடி நடந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"கட்டை வெக்கலியா?"

"புடிச்சிக்கறன் ராணி. நீ ஆரம்பி. புடிச்சிக்கறன்."

"வாசிக்காதீங்க."

"என்னா?"

"வாசிக்காதீங்க. சும்மா நில்லுங்க."

அவள் சத்தம் போடவில்லை. அவன் கை கம்பியின் மேலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்து தமிழ்மணியிடம், "அண்ணா, சுருதி மட்டும் புடிங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முப்பது வருஷ மேடை, கேள்வி கேட்காமல் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தார்.

அவள் பாடினாள். ஒரு வருஷமாக வெளியே யாரும் கேட்காத குரல். முதல் வரியில் நடுங்கியது. அடியில் தாங்க ஒன்றும் இல்லாததால் அந்த நடுக்கம் ஸ்பீக்கரில் அப்படியே கேட்டது. இரண்டாவது வரியில் நின்றது. கூட்டத்தில் பேச்சு குறைந்தது. பக்கத்தில் புருஷன் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுகை வந்துவிடும், அல்லது வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் இருந்தது, ஆர்ப்பாட்டம் இல்லை. தமிழ்மணி தலையை ஆட்டினார். நல்ல ஆட்டலா, போனால் போகிறது ஆட்டலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அடுத்தது கொஞ்சம் நெறவா இருக்கணும் யுவராணி, அடி காலியா கேக்குது" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அது அவளுக்குத் தெரியாதா?

கோகிலவாணி அடுத்த பாட்டை எடுத்தாள். கிட்டார் சத்தத்தைக் காணோம். பார்த்தால் சவுரி மேடையிலேயே இல்லை. கோபித்துக்கொண்டு வேனில் போய்ப் படுத்துவிட்டானா? படுத்தாலும் படுப்பான். யுவராணி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இறங்கினாள்.

ஸ்பீக்கர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். கிட்டாரை மடியில் குப்புறப் போட்டு, முதுகுத் தகட்டைக் கழற்றியிருந்தான். செல்போனைப் பெட்டியில் சாய்த்து வெளிச்சம் வைத்திருந்தான். இரும்புக்கும் மரச்சுவருக்கும் நடுவே கட்டையைச் செருகி, கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தான். பிறகு ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த திருகு இரண்டையும் அரைச் சுற்று முறுக்கினான். மொத்தமே ஐந்து நிமிஷ வேலை. அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"இத நேத்தே செஞ்சிருக்கலாமில்ல?"

"செஞ்சிருக்கலாம்."

"பதினோரு நாளு. ஒருநாளாவது என்கூட உக்காந்து பாடுனீங்களா? என் குரல் எப்படி இருக்குதுன்னாவது தெரியுமா உங்குளுக்கு?"

"திட்டு ராணி. வேலைய பாத்துக்கிட்டே கேட்டுக்கறன்."

"திட்டறதுக்குக்கூட என்கிட்ட தெம்பு இல்லைங்க."

அவன் தகட்டை மூடித் திருகை மாட்டினான். நிமிரவில்லை. "இப்பத்தான் கேட்டன்," என்றான். "உன் குரல. நிக்க வெச்சியே, அப்பத்தான் கேட்டன்."

அவள் மேடைக்கு ஏறிவிட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த பாட்டுக்குத் தொண்டை இருக்காது.

சவுரி திரும்ப வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. தமிழ்மணி மைக்கில் படித்தார். "தீர்த்தமலை பஸ் ஸ்டாண்டு நண்பர்கள் கேட்டிருக்காங்க. அழுவுற கிட்டார் அண்ணன் இப்பவே ஒருவாட்டி." கூட்டத்தில் விசில் கிளம்பியது. தமிழ்மணி சவுரியைப் பார்த்தார். யுவராணியும் பார்த்தாள். அவன் கை பழக்கத்தில் கைப்பிடிக்குப் போய், அங்கேயே நின்று, திரும்பி வந்தது. இல்லை என்று தலையாட்டினான்.

"அண்ணனோட கிட்டாரு இன்னிக்கு அழுவாதாம்," என்று தமிழ்மணி சமாளித்தார். கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது, யாரோ பின்னாலிருந்து கிண்டலாக அழுது காட்டினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். சவுரியின் காது சிவந்துபோனது. குனிந்து குழாயை இழுத்து, ஆறு கம்பியையும் ஒருமுறை மெல்ல மீட்டினான்.

யுவராணியின் இரண்டாவது பாட்டு.

அவள் முதல் அடியை எடுத்தாள். அடியில் 'டி' வந்தது. கனமாக, ஒரு மயிரிழை ஆடாமல், அவள் குரல் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. நடுங்குகிற இடத்தில் தாங்கியது. அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அதுவே பாட்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள், தமிழ்மணி கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். இதைத்தானே கேட்டேன், பதினோரு நாளாக இவ்வளவு மட்டும்தானே கேட்டேன் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நன்றாக இருந்ததுதான் ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடேயே இரண்டாவது அடியை எடுத்தாள், குரல் உடையவில்லை.